இல்லறப் பகுதி: அடுப்பு காயும் நேரம்

நம் இதழில் இப்பகுதியைத் தவறாது படித்துவரும் சகோதரி ஒருவர், தேவராஜ மொஹல்லாவிலிருந்து கேள்வி ஒன்றை எழுதி அனுப்பியிருக்கிறார். "ஓவனை முன்னதாகச் சூடேற்ற எத்தனை நிமிஷம் ஆகும்? புத்தகங்களில் பத்து நிமிஷம் என்று போட்டிருக்கிறார்கள். நானும் பத்து நிமிஷம் கழித்தே கேக்கை உள்ளே வைக்கிறேன். சில நாள் நன்றாக எழும்புகிறது. சில நாள் நடுவில் பள்ளம் விழுந்துவிடுகிறது. தெரிந்தவர்களிடம் பிறந்தநாள் கேக்குக்கு ஆர்டர் வாங்கிச் செய்கிறேன். ஒரு கேக் கெட்டுப்போனால் அடுத்த இரண்டு கேக்கின் லாபமும் அதோடு போய்விடுகிறது" என்பது அவர் கடிதத்தின் சாரம்.

கேள்வி சிறியதுதான். ஆனால் சொந்த ஊரை விட்டு வந்து, மைசூரில் வாடகை வீட்டில் குடித்தனம் நடத்தும் நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஓவன் என்பது ஆடம்பரப் பொருளாக இல்லை. பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கோ வீட்டு வாடகைக்கோ அதிலிருந்து நாலு காசு வந்து சேருகிறது. தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளில் மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும் வாங்கி வந்து, மாலை ஆறு மணிக்குக் கேக்கைக் கொடுப்பதாக வாக்களித்துவிட்ட பெண்மணிக்கு, அடுப்புக் காயும் நேரம் எவ்வளவு என்பது அற்ப விஷயமாகாது. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முதலில் நேரான விடையைச் சொல்லிவிடுகிறோம். மேசைமேல் வைக்கும் 20 லிட்டர் அளவுள்ள சிறிய மின்சார ஓவன், 180 டிகிரி சென்டிகிரேடு சூட்டை எட்டுவதற்குச் சுமார் 8 முதல் 10 நிமிஷம் எடுத்துக்கொள்ளும். 30, 40 லிட்டர் ஓவனுக்கு 10 முதல் 15 நிமிஷம். சமையலறை மேடையோடு பொருத்தப்படும் 60 லிட்டர் பெரிய ஓவனுக்கு 12 முதல் 20 நிமிஷம் வரை ஆகலாம். உள்ளே விசிறி சுழலும் வகையாயின் சற்றுக் குறையும். 220 டிகிரி வேண்டுமானால் இவற்றோடு மேலும் 5 நிமிஷம் கூட்டிக்கொள்ள வேண்டும். இவையெல்லாம் ஓவன் அச்சூட்டை 'எட்டுவதற்கு' ஆகும் நேரம். கேக்கை உள்ளே வைப்பதற்கு அது 'தயாராகும்' நேரம் வேறு. எட்டிய பிறகும் ஏறத்தாழ 10 நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்பதே நம் விடை. சகோதரியின் துன்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டாவது பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது.

ஏன் அப்படி? தோசை வார்க்கத் தெரிந்த எவர்க்கும் இது எளிதில் விளங்கும். கல்லை அடுப்பில் ஏற்றியவுடனே மாவை ஊற்றுவாருண்டோ? கல் காய்ந்ததா என்று நீரைத் தெளித்துப் பார்க்கிறோம். நீர்த்துளிகள் சடசடவென்று ஓடி மறைந்தால்தான் மாவை எடுக்கிறோம். தோசையை வேகவைப்பது கல்லின் கனத்திலே சேர்ந்திருக்கும் சூடு. மெல்லிய கல் விரைவில் காயும்; ஆனால் முதல் தோசையை ஊற்றிய மாத்திரத்தில் ஆறிப்போகும். கனத்த கல் நேரம் எடுத்துக்கொள்ளும். காய்ந்த பின்போ தோசைக்குப் பின் தோசையாக வார்த்தாலும் தளராது. ஓவனும் இப்படித்தான். அதில் கல்லின் இடத்தை வகிப்பவை அதன் நான்கு சுவர்கள், கூரை, அடித்தளம், கம்பித் தட்டு ஆகியவை.

இதனைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். 30 லிட்டர் ஓவனுக்குள் அடங்கியிருக்கும் காற்றின் எடை 36 கிராம் அளவே. 1500 வாட் சக்தியுள்ள கம்பிச்சுருள், அக்காற்றை மட்டும் 25 டிகிரியிலிருந்து 180 டிகிரிக்குச் சூடாக்க வேண்டுமானால், கணக்குப்படி 4 விநாடியே போதும்! ஆனால் உட்கூடும் தட்டும் கம்பிகளுமாகச் சேர்ந்து 6 கிலோ இரும்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைச் சூடாக்க அதே சுருளுக்கு ஏறத்தாழ 5 நிமிஷம் ஆகும். கதவின் கண்ணாடி வழியாகவும் வெளிக்கூட்டின் வழியாகவும் நழுவிப் போகும் சூட்டையும் சேர்த்தால் பத்து நிமிஷத்தைத் தாண்டுவதில் வியப்பில்லை. ஆகவே நாம் காத்திருப்பதெல்லாம் இரும்புக்காகவே, காற்றுக்காக அன்று.

காற்று மட்டும் சூடாகி, சுவர்கள் முழுதும் காயாதிருக்கும் ஓவனின் கதவைத் திறந்தால் என்ன ஆகும்? உள்ளிருந்த சூடான காற்று ஒரு நொடியில் வெளியேறிவிடும். அதன் இடத்தைச் சமையலறையின் குளிர்ந்த காற்று பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த தகரமும் அரை கிலோ, முக்கால் கிலோ மாவுக் கலவையும் உள்ளே புகுந்து, எஞ்சிய சூட்டையும் இழுத்துக்கொள்ளும். சுவர்கள் நன்றாகக் காய்ந்திருந்தால், அவை தம்மிடம் உள்ள சூட்டைக் கொடுத்துச் சில நிமிஷங்களில் நிலைமையைச் சரிசெய்துவிடும். காயாவிட்டால் ஓவன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதற்குள் கேக்கின் கதி முடிந்துவிடும்.

அக்கதி எவ்வாறு முடிகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. சோடா உப்பும் தயிரும் கலந்த கணமே கரியமிலவாயு கிளம்பத் தொடங்குகிறது. அந்தச் சிறு குமிழிகள்தாம் கேக்கை எழுப்புகின்றன. அவை எழுப்பிய உருவத்தை நிலைநிறுத்துவது மாவிலுள்ள பசைப்பொருளும் முட்டையும். இவை ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரிச் சூட்டில் இறுகிக் கெட்டிப்படுகின்றன. சூடு போதிய அளவில் இருந்தால் குமிழி விரிவதும் மாவு இறுகுவதும் ஒன்றையொன்று அடுத்து நிகழும். சூடு தாமதித்தாலோ, குமிழிகள் விரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே வந்து உடைந்துபோகும். தாங்கிப் பிடிக்கும் சுவர் இன்னும் கட்டப்பட்டிராது. நடுவில் விழும் பள்ளத்துக்குரிய காரணங்களுள் இது முக்கியமானது. பிஸ்கட்டாயின் வேறு விதமான சேதம்: வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும், மாவு இறுகுவதற்கு முன் வெண்ணெய் உருகி ஓடினால் பிஸ்கட்டுகள் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. முதலில் ஓவனை ஏற்றிவிட்டு, பிறகே சோடா உப்பை மாவில் சேர்க்க வேண்டும். மாவைக் கலந்து வைத்துவிட்டு ஓவனுக்காகக் காத்திருப்பது தலைகீழான முறை. முட்டை சேர்க்காமல், தயிரையும் சோடா உப்பையும் மட்டுமே நம்பிச் செய்யும் கேக்குக்கு இவ்விதி இன்னும் கண்டிப்பானது. சைவக் குடும்பங்களிலிருந்து ஆர்டர் வாங்குவோர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

முட்டையில்லாத கேக் என்றதும் கன்னட நாட்டு ஐயங்கார் பேக்கரிகள் நினைவுக்கு வருகின்றன. பெங்களூர் சிக்பேட்டையில் திருமலாச்சார் என்பவர் முன்னின்று 1898-ஆம் ஆண்டில் தொடங்கிய பி.பி. பேக்கரி, அவ்வகைக் கடைகளுக்கு முன்னோடி. அதன் வழியில் பின்னர் எத்தனையோ கடைகள் மாநிலமெங்கும் தோன்றின. அவற்றை நடத்தியோரில் பலர் ஹாசன் மாவட்டத்திலிருந்து வந்த ஹெப்பார் ஐயங்கார் வகுப்பினர். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கன்னட நாட்டில் குடியேறியும், வீட்டில் தமிழின் கிளைமொழி ஒன்றை இன்றளவும் பேசிவருவோர் அவர்கள். ஆகவே ரொட்டி அடுப்புக்கும் குடிபெயர்ந்த தமிழர்க்கும் இந்நாட்டில் உள்ள தொடர்பு நேற்று வந்ததன்று.

அத்தகைய பழைய கடைகளில் இருந்தது செங்கல் அடுப்பு. விறகை உள்ளேயே எரித்து, செங்கல் முழுவதும் சூட்டைக் குடிக்கும்வரை சில மணி நேரம் காத்திருந்து, பிறகு நெருப்பையும் சாம்பலையும் அப்புறப்படுத்திவிட்டு, சூடு எங்கும் ஒரே சீராகப் பரவுவதற்குச் சிறிது நேரம் விட்டு, அதன் பின்னரே ரொட்டியை உள்ளே தள்ளுவார்கள். நெருப்பு அணைந்த பிறகு வேகவைப்பது எது? செங்கல்லில் சேமித்த சூடுதான். கடுஞ்சூட்டில் முதலில் ரொட்டி. சூடு தணியத் தணியக் கேக்கும் பிஸ்கட்டும். கடைசியாக மிஞ்சும் இளஞ்சூட்டில் ரஸ்க். ஒரு முறை ஏற்றிய சூட்டை ஒரு துளியும் வீணாக்காத முறை இது. நம் வீட்டுச் சிறு ஓவனுக்கும் இதில் பாடம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இலங்கையிலுள்ள நம் உறவினர் இவ்வடுப்பைப் 'போறணை' என்பர். போர்த்துக்கீசியர் அடுப்பைக் குறிக்க வழங்கிய 'ஃபோர்னோ' என்னும் சொல் அங்கே அவ்வாறு தமிழாயிற்று. ரொட்டியைக் குறிக்கும் 'பாண்' என்பதும் அவர்கள் விட்டுச்சென்ற சொல்லே. ரொட்டி சுடும் அடுப்பு எந்த நாட்டில் எந்தப் பெயரால் வழங்கினாலும், அது காயும்வரை காத்திருப்பது எங்கும் பொதுவான வழக்கம். சூடளக்கும் கருவி இல்லாத காலத்தில், ஒரு காகிதத் துண்டையோ ஒரு பிடி மாவையோ உள்ளே இட்டு, அது எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்ப்பார்கள். கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணும்வரை பொறுக்க முடிகிறது என்று அறிவாரும் உண்டு. 1923-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'ரெகுலோ' என்னும் சூட்டுக் கட்டுப்பாட்டுத் திருகு எரிவாயு அடுப்புகளில் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தது. அது முதல் சமைப்பவர் கண்ணையும் கையையும் நம்புவதை விட்டுத் திருகையும் விளக்கையும் நம்பத் தொடங்கினர்.

அந்த விளக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை செய்ய வேண்டும். சில ஓவன்களில் உள்ள சிவப்பு விளக்கு, குறித்த சூடு எட்டியதும் அணையும். அது அணைந்ததற்கு, சூட்டை உணரும் முனை இருக்கும் அந்த ஓர் இடத்தில் அச்சூடு வந்துவிட்டது என்பதே பொருள். சுவர் முழுதும் காய்ந்துவிட்டது என்பதன்று. சிறிது நேரம் கழித்து விளக்கு மறுபடி எரியும், மறுபடி அணையும். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ அணையும்போது ஓவன் தயார் என்று கொள்வது நல்ல வழக்கம். வேறு சில ஓவன்களிலோ, மின்சாரம் ஓடுகிறது என்பதை மட்டுமே விளக்கு காட்டும். சூட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அவ்வாறே நேரத் திருகின் மணி அடிப்பதும் நாம் வைத்த நிமிஷங்கள் முடிந்தன என்பதற்கு அடையாளமேயன்றி, சூடு வந்ததற்கு அடையாளமன்று. நம் வீட்டு ஓவன் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை அதனுடன் வந்த கையேட்டைப் பார்த்து ஒருமுறை தெளிந்துகொள்ள வேண்டும்.

ஐயமறத் தெரிந்துகொள்ள விரும்புவோர், ஓவனுக்குள் வைக்கும் உஷ்ணமானி ஒன்றை வாங்கி, நடுத் தட்டின் மத்தியில் நிறுத்தி, கண்ணாடி வழியே பார்த்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சூட்டைக் குறித்துக்கொள்ளலாம். அது இல்லாதோர்க்குச் சர்க்கரைச் சோதனை உண்டு. சர்க்கரை உருகுவது ஏறத்தாழ 186 டிகிரியில். திருகை 175-இல் வைத்து, ஓவன் நன்கு காய்ந்த பின், அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையை இட்டு 15 நிமிஷம் உள்ளே வையுங்கள். அது உருகக் கூடாது. உருகினால் உங்கள் ஓவன் சொல்வதைவிட அதிகமாகக் காய்கிறது. பிறகு திருகை 190-க்கு ஏற்றிச் சற்றுக் காயவிட்டு, புதிய சர்க்கரையை அவ்வாறே 15 நிமிஷம் வையுங்கள். இப்பொழுது உருகியாக வேண்டும். உருகாவிட்டால் ஓவன் சொல்வதைவிடக் குறைவாகக் காய்கிறது என்று அறியலாம். இச்சோதனையின் முடிவையும், தயாராவதற்கு ஆன நிமிஷங்களையும் ஒரு சீட்டில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எவரோ எழுதிய புத்தகத்தின் பத்து நிமிஷத்தைக் காட்டிலும் உங்கள் ஓவனைப் பற்றி நீங்களே அறிந்த கணக்கு மேலானது.

ஒரே ஓவன் ஒரு நாள் விரைவாகவும் மறுநாள் தாமதமாகவும் காய்வதேன் என்று கேட்கலாம். சகோதரியின் 'சில நாள் நன்றாக, சில நாள் பள்ளமாக' என்ற அனுபவத்துக்கு இங்கேதான் விளக்கம் கிடைக்கிறது. மின்சார அழுத்தம் குறைந்தால் ஓவனின் சக்தி அதைவிட வேகமாகக் குறையும். 230 வோல்ட்டுக்குரிய 1500 வாட் ஓவன், 200 வோல்ட்டில் சுமார் 1130 வாட்டே தரும்; அதாவது நாலில் மூன்று பங்கு. பன்னிரண்டு நிமிஷத்தில் காய்வது அன்று பதினாறு நிமிஷமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். விளக்குகள் மங்கி எரியும் மாலை வேளையில் கேக் சுடுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். மார்கழி விடியற்காலையில் மைசூர்ச் சமையலறை 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும். சித்திரைப் பகலில் 30 டிகிரியைத் தாண்டும். இதனாலும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் வித்தியாசம் ஏற்படும். கிறிஸ்துமஸ் கேக்கு ஆர்டர்கள் வந்து குவியும் காலம் அந்தக் குளிர்காலமே என்பதை மறந்துவிடலாகாது.

மின்சாரத்துக்கும் மைசூருக்கும் உள்ள உறவு நெடியது. சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-ஆம் ஆண்டில் மின்சாரம் எடுத்து, முதன்முதலில் அனுப்பியது கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு. அத்திட்டத்துக்கு வித்திட்ட திவான் சேஷாத்திரி ஐயர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் மிகப் பலர் தமிழ் நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர். 1905-இல் பெங்களூரும் 1908-இல் மைசூரும் மின்விளக்குப் பெற்றன. ஆனால் விளக்குக்கென்று இழுத்த கம்பி ஓவனைத் தாங்குமா என்பதே இன்று பழைய வீடுகளில் குடியிருக்கும் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாதலால் சற்று அழுத்தமாகவே சொல்கிறோம். 1500 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் மின்சாரம் இழுக்கிறது. 2000 வாட் ஓவன் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. சுவரிலுள்ள சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு மட்டுமே உரியது. பெரிய முனைகளைக் கொண்ட ஓவன் பிளக்கை, மாற்றுக் கட்டை ஒன்றை இடையிலே செருகிச் சிறிய பாயிண்டில் மாட்டுவது மிகவும் அபாயகரமானது. நீட்டிப்புக் கம்பியில் மிக்ஸியோடு சேர்த்து மாட்டுவதும் அவ்வாறே. முன்சூட்டின்போதுதான் ஓவன் ஓய்வின்றி முழுச் சக்தியையும் இழுக்கிறது. கம்பி சூடேறிக் காப்புறை உருகுவதும் அவ்வேளையில்தான். 16 ஆம்பியர் பாயிண்டும், முறையான எர்த் இணைப்பும், தனிக் கம்பியும் தேவை. வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடம் பக்குவமாக எடுத்துச்சொல்லி, உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு கேக்கின் லாபத்தை அதற்குச் செலவிட்டாலும் தகும். பிளக்கைத் தொட்டுப் பார்க்கையில் சுட்டால் அன்றே ஓவனை நிறுத்திவிட வேண்டும்.

இடம் போதாத வீடுகளில் ஓவனையே அலமாரியாகப் பாவித்து, பிளாஸ்டிக் டப்பாக்களையும் தட்டுகளையும் உள்ளே அடுக்கிவைக்கும் வழக்கமும் உண்டு. திருகைத் திருப்புமுன் கதவைத் திறந்து உள்ளே பார்ப்பதை நியமமாகக் கொள்ள வேண்டும். வேண்டாத தட்டுகளை வெளியே எடுத்துவிட்டால் காயவேண்டிய இரும்பும் குறையும். கம்பித் தட்டை எந்தப் படியில் வைப்பது என்பதையும் குளிர்ந்திருக்கும்போதே தீர்மானித்துக்கொள்ளலாம். சுவருக்கும் ஓவனுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கேஸ் சிலிண்டரும் ஜன்னல் திரையும் எட்டவே இருக்கட்டும்.

இனிச் செலவைப் பார்ப்போம். 1500 வாட் ஓவன் கால் மணி நேரம் முழுச் சக்தியில் எரிந்தால் 0.375 யூனிட் செலவாகும். பிறகு கேக் வேகும் 35 நிமிஷத்தில் அது விட்டுவிட்டு எரிவதால், பாதி நேரமே எரிவதாகக் கொண்டால் 0.44 யூனிட். ஆகக் கேக்கு ஒன்றுக்கு ஏறக்குறைய 0.8 யூனிட். 2023-ஆம் ஆண்டில் கர்நாடக அரசு கொண்டுவந்த கிருஹ ஜோதித் திட்டம், ஒவ்வொரு வீட்டின் முந்தைய சராசரியை ஒட்டி, 200 யூனிட் என்ற உச்ச வரம்புக்குள் கட்டணமில்லா மின்சாரத்தை வகுத்தது. 200 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும் என்பதும் அதன் விதி. வரம்பின் ஓரத்தில் நிற்கும் குடும்பத்துக்கு மாதக் கடைசியில் பத்து யூனிட்டும் பெரிதாகும். ஆகையால் அவசியமான காத்திருப்பைக் குறைக்கக் கூடாது. அவசியமற்ற காத்திருப்பை வளர்க்கவும் கூடாது. ஓவனை ஏற்றிவிட்டுக் கடைக்குப் போய் அரை மணி கழித்து வருவது சிக்கனமும் ஆகாது, பத்திரமும் ஆகாது.

செங்கல் அடுப்புக்காரர் பாடம் இங்கே பயன்படுகிறது. இரண்டு ஆர்டர்கள் இருந்தால் அவற்றை ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாகச் சுடுங்கள். முதற்கேக்கை வெளியே எடுக்கும்போது ஓவன் நன்கு காய்ந்து தயாராக இருக்கிறது. கதவை மூடிச் சில நிமிஷம் கழித்து இரண்டாவதை வைத்துவிடலாம். இரண்டாவது முன்சூடு மிச்சம். கேக் வேலை முடிந்தபின் ஓவனை அணைத்துவிட்டு, மிஞ்சும் சூட்டில் நிலக்கடலையையோ பிரெட் தூளையோ காயவைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்சூடு தேவையுமில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடுவதற்கும், ஆறிய பண்டத்தை மறுபடி சூடாக்குவதற்கும், காய்கறிகளை நெடுநேரம் வாட்டுவதற்கும் குளிர்ந்த ஓவனிலேயே வைத்துத் தொடங்கலாம். கேக், பிஸ்கட், பன், பஃப் ஆகியவற்றுக்கே முன்சூடு இன்றியமையாதது. சாதாரண மைக்ரோவேவ் முறையில் உணவு நேரே சூடாவதால் முன்சூடு என்ற பேச்சே இல்லை. அதிலேயே கன்வெக்ஷன் முறை இருந்து, அதில் கேக் சுடுவதாயின் முன்சூடு வேண்டும். ஏர் ஃபிரையர் சிறியதாகையால் மூன்று முதல் ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

ஓவன் வாங்க இயலாதோர் மனந்தளர வேண்டுவதில்லை. கனத்த அடிப்பாகமுள்ள குக்கரில் மணலையோ கல்லுப்பையோ ஓர் அங்குல உயரம் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து, கேக் செய்யும் பழக்கம் நம் வீடுகளில் நெடுங்காலமாக உண்டு. மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் விசிலையும் கட்டாயமாக எடுத்துவிட வேண்டும். குக்கரில் நீர் ஊற்றலாகாது. நடுத்தரத் தீயில் பத்து நிமிஷம் மூடிவைத்துக் காய்ந்தபின் கேக் தகரத்தை இறக்கி, தீயைத் தணித்துவிடுவார்கள். அந்த மணல் செய்வதும் செங்கல் செய்த வேலையையே. சூட்டை வாங்கிச் சேமித்து, நிதானமாகத் திருப்பிக் கொடுக்கிறது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு நாம் கூறுவது இதுவே. உங்கள் பத்து நிமிஷத்தை இருபது நிமிஷமாக்கிப் பாருங்கள். ஓவனை ஏற்றிய பின், தகரத்துக்கு வெண்ணெய் தடவி, மாவைச் சலித்து, சர்க்கரையும் வெண்ணெயும் குழைத்து முடிப்பதற்கு அந்த நேரம் சரியாக இருக்கும். சோடா உப்பைக் கடைசியில் சேர்த்து உடனே உள்ளே வையுங்கள். அளவும் பக்குவமும் மாறாதிருந்து, அதன் பின்னும் பள்ளம் விழுமானால் சோடா உப்பின் அளவையோ, முதல் அரை மணிக்குள் கதவைத் திறந்து பார்க்கும் பழக்கத்தையோ சந்தேகிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு ஒப்புக்கொண்ட கேக்கென்றால், காயும் நேரம் 20 நிமிஷம், வேகும் நேரம் 35 முதல் 40 நிமிஷம், ஆறும் நேரம் ஒரு மணிக்குக் குறையாமல், அதன்மேல் அலங்காரம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, மூன்று மணிக்கே திருகைத் திருப்பிவிடுங்கள். அந்த இருபது நிமிஷ மின்சாரத்தையும் உழைப்பையும் கேக்கின் விலையில் சேர்த்துக்கொள்ளவும் தயங்க வேண்டாம். வீட்டிலிருந்து செய்யும் தொழிலில் பெண்கள் தம் நேரத்துக்கு விலை வைக்காமல் விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. அது மாற வேண்டும்.

தத்தம் ஓவனைச் சோதித்துப் பார்க்கும் சகோதரிகள், அதன் அளவையும் வாட்டையும் காய்வதற்கு ஆன நிமிஷங்களையும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி நமக்கு அனுப்பினால், அவற்றைத் தொகுத்து இப்பகுதியில் வெளியிடுவோம். புதிதாக மைசூருக்குக் குடிவந்து ஓவன் வாங்க எண்ணும் குடும்பங்களுக்கு அது பெரிதும் உதவியாக இருக்கும்.